ஷியாமளாவுக்கு ஒரு வெள்ளைக்கார டீ

6 நவம்பர், வியாழன். அஜ்மான்.

மன்னித்துக்கொள், டைரி. மணி பன்னிரண்டே முக்கால். இந்நேரத்தில் உன்னைத் திறப்பது நியாயமில்லை என்று தெரியும். ஆதிரை இப்போதுதான் கண்ணை மூடினாள். விமானத்தில் முக்கால் மணி நேரம் தூங்கியதை அவள் முழு இரவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

முரளிக்கு துபாயில் பன்னிரண்டு நாள் டிரெய்னிங். தோஹா ஆபீஸிலிருந்து ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் கம்பெனி எடுத்துக் கொடுத்த ரூமில் இருக்கிறார்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான். அதனால் எங்களுக்கு அஜ்மானில் இவருடைய நண்பர் சேதுமாதவனின் ஃப்ளாட். அவர் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். கீழே கிராஸரியில் சாவியும் ஒரு துண்டுக் காகிதமும் விட்டுப் போயிருந்தார். கீசர் சுவிட்ச் வெளியே. அடுப்பில் இடது பக்கம் எரியாது. கிச்சனில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளவும். பால்கனியில் புறா, பயப்பட வேண்டாம்.

புறாவுக்கு யார் பயந்தார்கள்? பால்கனிக்குத்தான் பயம். ஒன்பதாவது மாடி. கம்பிகளுக்கு நடுவே என் கை போகிறது. கை போனால் தலை போகுமா? இரண்டரை வயதுத் தலை எவ்வளவு அகலம்? டேப் இல்லை. தூங்கும் குழந்தையின் தலையைத் துப்பட்டாவால் அளந்து, அதே இடத்தில் பிடித்துக்கொண்டு போய்க் கம்பியில் வைத்துப் பார்த்தேன். போகாது. இருந்தாலும் பால்கனிக் கதவின் கைப்பிடியை சூட்கேஸ் பெல்ட்டால் கட்டிவிட்டேன். முரளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் பல வகை உண்டு. இது களைப்பு வகை.

இன்னொரு விஷயம். ஷியாமளா ஷார்ஜாவில் இருக்கிறாள். இங்கிருந்து இருபது நிமிடம்.

நான் கூப்பிடப் போவதில்லை.

7 நவம்பர், வெள்ளி.

கூப்பிடவில்லை. நான்கு தடவை டைப் செய்து நான்கு தடவையும் அழித்தேன். முரளிக்கு இன்று லீவு. டிரெய்னிங் தோஹாக்காரர்களுக்காக என்பதால் நம் வழக்கப்படி வெள்ளி, சனி விடுமுறை.

8 நவம்பர், சனி.

அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

எனக்கே ஒரு தடவை தெளிவாக எழுதிக்கொள்கிறேன். ஷியாமளாவும் நானும் பாளையங்கோட்டையில் ஐந்து வருடம் ஒரே ஹாஸ்டல் அறை. இரண்டு பேரும் ஆங்கில இலக்கியம். நான்கு மணிக்கு ஹாஸ்டலில் எவர்சில்வர் டம்ளரில் டீயும் ஆளுக்கு இரண்டு வர்க்கியும் வரும். நாங்கள் படித்த நாவல்களில் அதே நான்கு மணிக்கு மூன்றடுக்குத் தட்டு வரும். வெள்ளரிக்காய் சாண்ட்விச் வரும். ஸ்கோன் வரும். ஸ்கோன் என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியாது, பாடம் நடத்திய மேடத்துக்கும் தெரியாது. "அது ஒரு மாதிரி பன்னு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அதில் முதலில் ஜாம் தடவுவதா கிரீம் தடவுவதா என்று ஒரு செமஸ்டர் முழுக்க ஷியாமளாவும் நானும் சண்டை போட்டோம், அதைக் கண்ணால்கூடப் பார்க்காமல். என்றைக்காவது ஒரு நாள் முறையாக உட்கார்ந்து அந்த டீயைக் குடிப்பது என்று பேச்சு.

ஆதிரை பிறந்து ஐந்தாவது வாரம் ஷியாமளாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "கல்யாணத்துக்கு வர முடியலைன்னா பரவாயில்ல. ஒரே ஒரு தடவ பேசு. பயமா இருக்கு" என்று எழுதினாள்.

நான் பேசவில்லை. பதிலும் போடவில்லை. நாளைக்குப் போடலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் ஆனது. ஒரு மாதம் கழித்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வருடம் ஆனதும் சுத்தமாகத் தெரியவில்லை. இப்போது இரண்டரை வருடம் ஆகப்போகிறது. அவளும் அதன்பிறகு எழுதவில்லை.

இன்று அனுப்பியது இதுதான்: "ஷியாமளா, பதினெட்டாம் தேதி வரைக்கும் அஜ்மான்ல இருக்கேன். டீ குடிக்கப் போவோமா? அந்த டீ."

எதற்கு "அந்த டீ" என்று போட்டேன்? சும்மா ஒரு டீ என்று போட்டிருக்கக் கூடாதா?

9 நவம்பர், ஞாயிறு.

கட்டைவிரல்.

மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை. சரி என்கிறாளா? பார்த்தேன் என்கிறாளா? போடி என்கிறாளா? முரளியிடம் காட்டினேன். சரி என்றுதான் அர்த்தம் என்றார். உங்கள் மேனேஜர் உங்களுக்கு வெறும் கட்டைவிரல் போட்டால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அது வேறு என்றார். பிறகு அவரும் கொஞ்ச நேரம் கவலையாகவே இருந்தார்.

10 நவம்பர், திங்கள்.

"எப்ப? எங்க?" என்று வந்திருக்கிறது. இரண்டு கேள்விக்குறி. கோபத்தில் இருப்பவர்கள் கேள்விக்குறி போட மெனக்கெடுவார்களா? மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனி அந்த டீ எங்கே கிடைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மதியம் முழுக்க அதே வேலை. உயரமான கட்டடத்து உச்சியில் ஒன்று இருக்கிறது, ஆளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் திர்ஹம். டீயின் மேல் தங்கத் தூள் தூவுவார்களாம். தங்கத்தைக் குடித்துவிட்டு மறுநாள் என்ன செய்வது? இன்னொன்று படகில். ஆதிரை, தண்ணீர், படகு. அடுத்த பக்கம். இன்னொன்றில் ஸ்கோனுக்குள் பேரீச்சம்பழமும் குங்குமப்பூவும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது அந்த டீ இல்லை. எல்லாமே இருநூற்றைம்பது, முன்னூறு, நானூறு. கத்தார் ரியாலுக்கு மாற்றிப் பார்த்தேன். ஏறக்குறைய அதே எண்தான் வருகிறது. மாற்றிப் பார்த்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

11 நவம்பர், செவ்வாய்.

ஏழு ஹோட்டலுக்கு போன் செய்தேன். ஒன்றில் ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ஒன்றில் குழந்தை வரலாம், அமைதியாக இருக்க வேண்டும். எவ்வளவு அமைதி என்று கேட்டேன். அந்தப் பெண் யோசித்துவிட்டு "பியானோ கேட்கும் அளவுக்கு" என்றாள். ஒன்றில் இந்த மாதம் அந்த டீயே கிடையாதாம், பதிலாக பர்கரை அதே தட்டில் அடுக்கித் தருவார்களாம். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஆதிரை சேதுமாதவனின் ஒரு ஜோடி ஷூவுக்குள் கால் கிலோ உளுத்தம்பருப்பைக் கொட்டியிருக்கிறாள். மிக அமைதியாக. பியானோ கேட்டிருக்கும்.

12 நவம்பர், புதன்.

கிடைத்துவிட்டது.

துபாயில், தேராவில் ஒரு பழைய ஹோட்டல். போட்டோவில் எல்லாம் இருக்கிறது. மூன்றடுக்குத் தட்டு, வெள்ளரிக்காய், ஸ்கோன், பூப்போட்ட கெட்டில். விலை நூற்று முப்பது, அதுவும் இரண்டு பேருக்கும் சேர்த்து. வார நாட்களில் ஒரு டீ வாங்கினால் இன்னொன்று இலவசமாம். வார நாளில் என்பதுதான் நிபந்தனை. எனக்கென்ன. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இணையத்திலேயே புக் செய்துவிட்டேன். எல்லோரும் டியூட்டியில் இருக்கும் நாள், ஹோட்டலும் காலியாக இருக்கும், ஆதிரை கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது.

ஷியாமளாவுக்குச் சொன்னேன். "ஞாயிறுன்னா சௌகரியம்" என்று உடனே பதில். துபாயில் ஒரு கிளினிக்கில் இன்சூரன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. வேலை நாளில் எனக்காக லீவு போடுகிறாள். இரண்டரை வருடம் பதில் போடாத எனக்காக. அதை நினைத்து வெங்காயம் நறுக்கும்போது அழுதேன். வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

13 நவம்பர், வியாழன்.

ஒத்திகை. மூன்றடுக்குத் தட்டைக் கண்டதும் ஆதிரை பிடித்து இழுக்கக் கூடாது. சேதுமாதவனின் கிச்சனில் இருந்த இட்லித் தட்டுகளைக் கம்போடு எடுத்து மேஜையில் வைத்தேன். மூன்று அடுக்கு, நடுவில் பிடி. அச்சு அசல் அதேதான். குழியில் பிஸ்கட்டும் வெள்ளரித் துண்டும் வைத்து, கீழ்த் தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், மேலே கை நீட்டக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே செய்தாள். மூன்றாவது ஒத்திகையில் முரளி வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து கை நீட்டி இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனார். பாடம் முழுக்க வீண்.

15 நவம்பர், சனி.

மாற்றுடை இரண்டு செட், ஈரத்துணி, காய்ச்சல் மருந்து, சுடுதண்ணீர் பட்டால் போடும் களிம்பு, கையில் நூற்று அறுபது திர்ஹம், பஸ்ஸுக்குத் தனியாக. ஷியாமளா என்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வாள்?

16 நவம்பர், ஞாயிறு.

மணி இரண்டு. தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் இதில் வரும். வரிசையாக எழுதுகிறேன்.

அஜ்மானிலிருந்து துபாய் பஸ். நிற்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் குடும்பம். வேலை நாளும் அதுவுமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பலூன் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறார்களே என்று அந்தப் பெற்றோர்களை வழி நெடுகக் கண்டித்துக்கொண்டே போனேன். மனதுக்குள்தான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஹோட்டல் நிரம்பி வழிந்தது. அப்போதும் உறைக்கவில்லை. ஷியாமளா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி புதிது, முகம் வெளுத்திருந்தது. எழுந்து நின்று "வா" என்றாள். வாட்டி என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை, அது ஒரு ஆறுதல். இரண்டு ஊர் வெயிலைப் பற்றிப் பேசினோம், இரண்டு ஊர் வாடகையைப் பற்றிப் பேசினோம். ஐந்து நிமிடத்தில் சரக்குத் தீர்ந்துவிட்டது. லீவு போட்டு வந்ததற்கு நன்றி சொன்னேன். "என்ன லீவு?" என்று புரியாமல் பார்த்தாள். அதற்குள் பக்கத்து மேஜைக்கு மூன்றடுக்குத் தட்டு போனது.

ஆதிரை அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இட்லி" என்றாள். நல்ல கணீரென்ற குரலில். "அம்மா, இட்லி. சட்னி எங்க?"

மூன்று மேஜைகள் திரும்பிப் பார்த்தன. ஷியாமளாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சட்டென்று எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஹோட்டல் கேப்டன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டையில் சதக்கத்துல்லா என்று பெயர். நான் ஆதிரையை அதட்டியதைக் கேட்டுத் தமிழிலேயே பேசினார், கீழக்கரைக்காரராம். புக்கிங்கைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"தங்கச்சி, இந்த ஆஃபரு வார நாளுக்கு உள்ளது. இன்னைக்குச் செல்லாதும்மா."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றேன்.

"ஆமா, ஞாயித்துக்கெழமைதான்."

"அப்ப செல்லுமே."

"ஞாயித்துக்கெழமைங்கறதாலதான்ம்மா செல்லாதுங்கறேன்."

இரண்டு பேரும் ஒரே கிழமையைச் சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவருக்கு ஏதோ பிடிபட்டது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தோஹா என்றேன்.

"அதானே பார்த்தேன். போன மாசம் குவைத்து ஃபஹாஹீல்லேர்ந்து ஒரு குடும்பம் இப்படித்தான் வந்து நின்னுச்சு. இங்கெல்லாம் சனி, ஞாயிறுதான்ம்மா லீவு. மாத்தி நாலு வருசமாகப் போகுது."

உட்கார்ந்துவிட்டேன். நமக்கு வெள்ளி, சனி லீவு, ஞாயிறு டியூட்டி. இத்தனை வருடத்தில் ஞாயிறு என்றாலே எனக்கு முரளியின் சட்டை இஸ்திரி போடும் நாள். நாட்டுக்கு நாடு கிழமை மாறும் என்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அவர் மெதுவாகக் குனிந்து விலை சொன்னார். ஆளுக்கு நூற்று எண்பத்தைந்து. இரண்டு பேருக்கு முன்னூற்று எழுபது.

ஆதிரையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். ரோமிங் காசு போனால் போகிறது என்று முரளிக்கு அடித்தேன்.

"இன்னிக்கு லீவு நாளாம்."

"யாருக்கு?"

"இந்த நாட்டுக்கே."

"இரு" என்றார். யாரிடமோ விசாரிப்பது கேட்டது. "ஆமாவாம்ப்பா. அதான் ரெண்டு ஞாயிறா கேன்டீன் திறக்கலை."

எனக்கு அழுகை முட்டியது. கடகடவென்று கொட்டிவிட்டேன். "முன்னூத்தி எழுபது ஆகுதாம். என்கிட்ட நூத்தி அறுபதுதான் இருக்கு. நான் கூப்பிட்டிருக்கேன், நான்தானே வாங்கித் தரணும்? அவ கேட்டப்ப ஒரு வார்த்தை பேசலை. இப்ப டீக்குக் கூப்பிட்டு அவ தலையிலேயே பில்லைக் கட்டறதா? ஏற்கெனவே அவளுக்கு என்னைப் பிடிக்கலை. வான்னுதான் சொன்னா, வாட்டின்னு சொல்லலை. நான் இப்படியே பின்வாசல் இருந்தா அது வழியா போயிடறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கழிவறையிலிருந்து ஒரு சத்தம். யாரோ குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்தார்கள். தண்ணீர் விடும் சத்தம். பிறகு குரல்.

"ஏட்டி சந்தியா. கதவுக்கு அடியில கொஞ்சம் டிஷ்யூ தள்ளு. இங்க காலியாயிட்டு. பொறவு அழுதுக்கலாம்."

முரளி "ஹலோ, ஹலோ" என்றார். வைத்துவிட்டேன்.

டிஷ்யூவை ஆதிரைதான் தள்ளினாள். ஒன்று கொடுத்தால் போதும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உருளை முழுக்க உருவி உருவி, குனிந்து, கதவுக்கு அடியில் போய்ச் சேருகிறதா என்று எட்டிப் பார்த்து, அவ்வளவு சிரத்தையாக. உள்ளிருந்து "போதும் தாயே, பந்தல் போட்டுருவ போலிருக்கு" என்று ஷியாமளா சொன்னாள்.

வெளியே வந்து முகம் கழுவினாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், பக்கத்து மேஜை முட்டை சாண்ட்விச் வாசனை தாங்கவில்லை, மூன்றாவது மாதம் என்று. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் இன்னும் சொல்லவில்லையாம். ஊரில் அவள் அம்மாவுக்குக்கூட. கட்டைவிரல் அனுப்பிய அன்று என்னைத் திட்டி இரண்டு பக்கம் டைப் செய்து வைத்திருந்தாளாம். பாதியில் வாந்தி வந்து, திரும்பி வந்து பார்த்தபோது அவ்வளவையும் வாசிக்கவே தெம்பில்லாமல் கட்டைவிரலைப் போட்டுவிட்டாளாம்.

நான் அழுதேன். "நீ ஏம்ட்டி அழுத? வாந்தி எடுத்தது நானு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அதைக் கேட்டாள். குரலைத் தாழ்த்தி, ஆதிரையின் தலையைத் தடவிக்கொண்டே.

"இவ பொறந்தப்ப உனக்கு என்ன ஆச்சு? கோவத்துல கேக்கல. கோவம் இருக்கு, அது தனி. எனக்கும் அப்படி ஆயிருமோன்னு கேக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். ஆதிரை கை உலர்த்தும் மிஷினுக்கு அடியில் கையை நீட்டினாள். அது உறுமியது. அவள் வீறிட்டாள். அதற்குமேல் யார் என்ன பேசுவது?

மேஜைக்குத் திரும்பினால் சதக்கத்துல்லா அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். பெரியவர் ஒருவர் செட் எடுத்தால் ஆறு வயதுக்குள் குழந்தைக்கு ஒரு செட் இலவசம். லீவு நாளிலும் உண்டு. மெனுவின் கடைசி வரியில் இருக்கிறது, யாரும் அதுவரை படிப்பதில்லை என்றார். நூற்று எண்பத்தைந்து. என் நூற்று அறுபதை எடுத்து வைத்தேன். ஷியாமளா அதன்மேல் இருபத்தைந்து வைத்தாள்.

"முழுசா நான் குடுத்தா நீ இன்னும் ரெண்டு வருசம் பேசமாட்ட" என்றாள்.

அந்த டீ வந்தது. பத்து வருடமாகப் பேசிய டீ. முட்டை சாண்ட்விச்சை மட்டும் சதக்கத்துல்லா அண்ணன் சொல்லாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளரிக்காய் சாண்ட்விச் நான்கையும் ஆதிரை பிரித்து, வெள்ளரியை மட்டும் தின்றுவிட்டு ரொட்டியை எனக்குத் தந்தாள். கீழ்த் தட்டிலிருந்துதான் தொடங்கினாள், அதை மறுக்க முடியாது. குழந்தை செட்டில் டைனோசர் வடிவத்தில் வெட்டிய ஜாம் சாண்ட்விச். ஷியாமளாவின் வயிறு ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். ஒவ்வொரு டைனோசரையும் தலையிலிருந்து ஆரம்பித்து நான்கைத் தின்றாள். ஐந்தாவதை ஆதிரையிடம் கேட்டாள். ஆதிரை வாலை மட்டும் பிய்த்துக் கொடுத்தாள்.

ஸ்கோன். அவள் கிரீம் முதலில், நான் ஜாம் முதலில். ஆளுக்கொரு கடி. மென்றோம். ரொம்ப நேரம் மென்றோம்.

"பன்னை ரெண்டு நாள் மொட்டை மாடில காயப்போட்ட மாதிரில்ல இருக்கு" என்றாள். "இதுக்கா ஒரு செமஸ்டரு சண்டை போட்டோம்?"

அவள் சிரிக்கும்போது அதே பழைய சத்தம். பக்கத்து மேஜைக்காரர்கள் மறுபடி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டீ வாசனை அவளுக்கு ஆகவில்லை, பால் குடித்தாள். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று கெட்டிலில் இருந்த அவ்வளவு டீயையும் நானே குடித்தேன். ஆறு கப். அதனால்தான் இப்போது மணி இரண்டு.

அவள் காரிலேயே அஜ்மானில் கொண்டுவந்து விட்டாள். வழியில் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. இறங்கும்போது "நான் கேட்டதுக்கு நீ இன்னும் சொல்லல" என்றாள். "எழுதுறேன்" என்றேன். "ஆமா, எழுதுவ" என்றாள்.

17 நவம்பர், திங்கள்.

"தூங்குனியாட்டி?" என்று ஷியாமளாவிடமிருந்து. அவசரத்தில் கட்டைவிரல் போட்டுவிட்டேன். பயந்துபோய் உடனே "தூங்கவே இல்ல" என்று எழுதினேன்.

19 நவம்பர், புதன். தோஹா.

நஜ்மாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தோம். சேதுமாதவனின் ஷூவை மூன்று தடவை உதறியும் கிளம்பும்போது ஒரு உளுந்து விழுந்தது. கீழ்க்கடை சுஐபு பாய் ஆதிரையைப் பார்த்து, துபாயில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். "இட்லி" என்றாள்.

20 நவம்பர், வியாழன்.

மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். போனில் எழுதினால் அழித்துவிடுகிறேன். நாளை இந்த நோட்டிலேயே பேனாவால் எழுதப் போகிறேன். பேனாவை அழிக்க முடியாது.

21 நவம்பர், வெள்ளி.

ஷியாமளா, இந்தப் பக்கம் உனக்கு.

நீ கேட்டதற்குப் பதில். ஆதிரை பிறந்ததும் எனக்குப் பயம் வந்தது. ஏதோ ஒன்றுக்கு இல்லை, எல்லாவற்றுக்கும். அவள் தூங்கும்போது மூக்கின் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வரும். கையை எடுத்ததும் நின்றிருக்குமோ என்று தோன்றும். மறுபடி வைப்பேன். விடிந்துவிடும். குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சோப்புப் போடாமல் ஓடி வந்துவிடுவேன். ஈர டயப்பரின் எடையை வைத்துப் பால் போதுகிறதா என்று கண்டுபிடிக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு, அதைக் கவரில் போட்டு சுஐபு பாயின் கடைத் தராசில் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன ரேட்டு போடணும்?" என்று கேட்டார். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவர் சரியாக நிறுத்தாரா என்று சந்தேகம் வந்து அடுத்த கடைக்கும் போனேன்.

உன் செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. படித்தேன். நீ பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கே அவ்வளவு பயம் இருந்தபோது உன் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் கொஞ்சம் சரியானதும் நல்லபடியாகப் பேசலாம் என்று நினைத்தேன். சரியாக நாளானது. அதற்குள் வெட்கம் வந்துவிட்டது. உன்மேல் ஒன்றுமில்லை. உன்னை மறக்கவும் இல்லை. உன்னிடம் பேசியிருந்தால் சீக்கிரம் சரியாகியிருப்பேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

ஏழாவது மாதம் தடுப்பூசி போட்ட நர்ஸ், குழந்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குத்தான் முரளியிடம் எல்லாம் சொன்னேன். பிறகு ஒரு டாக்டரிடமும் சொன்னேன். இது நிறையப் பேருக்கு வருவதுதான், சொன்னால் சரியாகும் என்றார். சரியாயிற்று. முழுக்க இல்லை, பால்கனிக் கதவை இன்னும் கட்டுகிறேன். ஆனால் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன்.

உனக்கும் வருமா என்று கேட்டாய். தெரியாது. வராமலே போகலாம். வந்தால் என்னைப் போல ஏழு மாதம் வைத்திருக்காதே. முதல் வாரமே உன் வீட்டுக்காரரிடம் சொல். டாக்டரிடம் சொல். என்னிடம் சொல். உன் நேரம் இரவு மூன்று என்றால் எனக்கு இரண்டு. இரண்டு மணிக்கு நான் எப்படியும் முழித்துத்தான் இருப்பேன். டயப்பர் எடை வரைக்கும் எது வேண்டுமானாலும் கேள், சிரிக்க மாட்டேன்.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டாயா? முட்டை வாசனை இப்போதும் குமட்டுகிறதா? இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன், காலையில் மனசு மாறிவிடும். படித்ததும் பதில் போடு. சீக்கிரம் போடு.